கிரட்ஜிங்லி வந்த தாய்மாமன்

ஆங்கிலத்தில் கிரட்ஜிங்லி என்று ஒரு சொல் உண்டு. அதற்குப் பொருள் கேட்டு, பிளஸ் டூ படிக்கும் என் தங்கை மகள் கறம்பக்குடியிலிருந்து போன் செய்தபோது, நான் அவள் குடும்பத்தின்மீது கோபத்தில் இருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அவள் தம்பிக்குக் குலதெய்வக் கோயிலில் காதுகுத்து. பிள்ளையைத் தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் குத்த வேண்டும். அலுவலகத்தில் எனக்குக் கிடைக்காத முக்கியத்துவம் அது. ஆனால் வெற்றிலை பாக்குத் தட்டோடு புதுக்கோட்டைக்கு நேரில் வந்து அழைக்க வேண்டிய தங்கை, பத்திரிகையை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தாள். கூடவே கைகூப்பும் பொம்மை ஒன்று. போவதில்லை என்று மனைவியிடம் அறிவித்துவிட்டேன். அவளிடம் சொன்னால் போதும், மாவட்டம் முழுக்கப் போய்ச் சேர்ந்துவிடும்.

"மாமா, ரிலக்டன்ட்லின்னாலும் மனசில்லாமத்தானே? அப்புறம் இது எதுக்கு?"

நல்ல கேள்வி. கோபத்தை ஒத்திவைத்தேன்.

"ரிலக்டன்ட்லி செய்றவன் தயங்குறவன். போவோமா வேணாமான்னு வாசல்லயே நிப்பான். கிரட்ஜிங்லி செய்றவனுக்குக் கொடுக்கத்தான் மனசு வராது. ஆனா கொடுத்துருவான். எதிராளி நல்லாப் பேசுனான்னு பல்லைக் கடிச்சுக்கிட்டு ஒத்துக்கிறது, எங்க ஆபீசர் லீவு கொடுக்கிறது, எல்லாம் இந்த ரகம். காரியம் நடந்துரும். மூஞ்சி மட்டும் வெளக்கெண்ணெய் குடிச்ச மாதிரி இருக்கும்."

"அப்ப, ஞாயித்துக்கெழம எங்க மாமா கிரட்ஜிங்லி வந்தாருன்னு எழுதலாமா?"

"இங்கிலீஷ் சரி. தகவல் தப்பு. மாமா வரல."

அவள் குரலைத் தாழ்த்தினாள்.

"அண்ணன் வீடு என்ன அசல் வீடா, தட்டத் தூக்கிட்டுப் போய் நிக்கிறதுக்குன்னு அம்மா கேட்டுச்சு மாமா. அத்தை போன்ல சொன்னதுலருந்து சரியாச் சாப்பிடல. தம்பிக்கு வேற யாரு மடி இருக்கு?"

பாடத்தைப் படி என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.

அடுக்களையிலிருந்து மனைவி குரல் கொடுத்தாள். "நீங்க ஒண்ணும் சிரமப்படாதீங்க. ஒங்க சித்தப்பா மகன்கிட்ட பேசிட்டேன். அவரும் தாய்மாமன் முறைதானே?"

"அவன் உக்காந்தா வயிறுதான்டி இருக்கும். மடிக்கு எங்க எடம்?"

ஞாயிற்றுக்கிழமை காலையில் பட்டுவேட்டியோடு கறம்பக்குடி பஸ்ஸில் உட்கார்ந்திருந்தேன். மூஞ்சியை மட்டும் போனில் நான் விளக்கியபடியே வைத்திருந்தேன்.

கோயிலில் தங்கை "வாங்கண்ணே" என்றாள். "ம்" என்றேன். கண்ணைப் பார்க்கவில்லை, இருவருமே.

மொட்டைத் தலையில் சந்தனம் பூசிப் பையனை என் மடியில் வைத்தார்கள். காது குத்தும் ஆசாரி, "மாமா, தலையக் கெட்டியாப் பிடிங்க. கண்ணு மூட வேண்டியது பையன், நீங்க இல்ல" என்றார். முதல் காதுக்கு அவன் போட்ட அலறலில் எனக்கு வியர்த்துவிட்டது. இரண்டாவது காதுக்கு, போதும் விடுங்கய்யா என்று நானே சொன்னதாக மனைவி எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறாள். இருக்கலாம்.

முடிந்ததும் பையன் என் கழுத்தைக் கட்டிக்கொண்டான். அழுது ஓய்ந்து, சந்தனத்தையெல்லாம் என் சட்டையில் தேய்த்துவிட்டு அப்படியே தூங்கிப்போனான். பந்திக்குக் கூப்பிட்டார்கள். தங்கை வந்து கையை நீட்டினாள்.

"கொடுங்கண்ணே, கை வலிக்கப் போகுது. நீங்க மொதல்ல சாப்பிடுங்க."

"நீ போய்ச் சாப்பிடு," என்றேன். "அவன் முழிச்சப்புறம் பாத்துக்கலாம்."