நிற்காத சிவப்புப் புள்ளி

புரோகிராம் எழுதுகிறவன் பாதி நாள் எழுதுவான், மீதி நாள் எழுதியதில் எங்கே பிழை என்று தேடுவான். இந்த வேலையில் மாட்டிக்கொண்ட உங்களுக்கு பிரேக்பொயின்ட் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன்: சந்தேகமான வரியில் ஒரு சிவப்புப் புள்ளி வைத்தால், புரோகிராம் அங்கே வந்ததும் நின்று உள்ளே நடப்பதைக் காட்டும். காட்ட வேண்டும். சுனாமிக்கு அடுத்த வருடம், கல்முனையில் ஒரு நிவாரண அலுவலகத்தில், எனக்கு அது காட்டவில்லை.

இரண்டு பிரதிகள்

வீடு இழந்தவர்களின் படிவங்களிலிருந்து புதுவீட்டுப் பட்டியல் எடுக்கும் புரோகிராம் நான் எழுதியது. வெள்ளிக்கிழமை பட்டியலை ஒட்ட வேண்டும். இன்னும் பலரோடு ஹாஜறா என்ற பெண்ணின் பெயரும் அதில் வரவில்லை. கடற்கரையோர வீடு அத்திவாரத்தோடு போய், புருசனோடும் மூன்று பிள்ளைகளோடும் கூடாரத்தில் இருந்தார். பெயர் வராவிட்டால் தொடர்ந்தும் கூடாரம்தான்.

பெயரைச் சேர்க்கும் வரியில் புள்ளி வைத்து அவருடைய படிவத்தை ஓட்டினேன். நிற்கவில்லை. அரை நாள் போன பிறகுதான் தெரிந்தது, நான் திருத்துவது ஒரு பிரதி, ஓடுவது வேறொரு பழைய பிரதி. படிவம் பதியும் பாண்டிருப்பு ஊர் ஜெயந்தி எட்டிப் பார்த்துச் சொன்னார்: "நீங்க ஒரு வீட்டுப் படலையத் தட்டிப்போட்டு, மத்த வீட்டு ஆக்கள் வெளிய வரல்ல எண்டு நிக்கிறீங்க."

கதீஜாவுக்கு நின்றது

சரியான பிரதியை ஓட்டினேன். அப்போதும் நிற்கவில்லை. மென்பொருளை அழித்து மறுபடி ஏற்றினேன். பிஸ்மி சொல்லி ஓட்டினேன். ம்ஹூம். ஹாஜறாவுக்கு அடுத்த வளவு கதீஜாவின் படிவத்தைப் போட்டால் டக்கென்று நின்றது! அதே வரி, அதே புள்ளி. கதீஜாவின் கணவரைக் கடல் கொண்டுபோயிருந்தது. அதைத் தவிர இரண்டு படிவத்திலும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை.

வியாழன் காலை ஹாஜறா வந்தார். எனக்குப் புளுக வராது. கதீஜாவின் கணவர் இறந்ததைத் தவிர வித்தியாசம் தெரியவில்லை என்பது உட்பட, நடந்ததை அப்படியே சொன்னேன். "அப்ப மனுசன் மௌத்தானாத்தான் ஊடு தருவீங்களா தம்பி?"

புள்ளிக்கு மேல் வரி

வெட்கமாகப் போய்விட்டது. ஆனாலும் விளங்கவில்லை. படிவத்தில் இருந்ததை ஒவ்வொன்றாகக் கேட்டு வந்தேன். "ஊட்டு உறுதிப் பத்திரம் ஆர்ட பேரில ராத்தா?" என்று கேட்டேன். "என்ட பேரிலதான். உம்மா சீதனமாத் தந்த ஊடு" என்றார்.

அப்போதுதான் புள்ளிக்கு மேலே இருந்த வரியைப் படித்தேன். குடும்பத் தலைவரும் உறுதிப் பத்திரத்துக்குச் சொந்தக்காரரும் ஒரே ஆளாக இருந்தால் மட்டும் சேர்க்கச் சொல்லியிருந்தது. கொழும்பிலிருந்து வந்த மாதிரிப் படிவத்தைப் பார்த்து, யோசிக்காமல் நான் எழுதியது. தலைவர் என்ற இடத்தில் எல்லாரும் புருசன் பெயரைத்தான் சொல்வார்கள். வீட்டையோ எங்கள் பக்கம் பெண்பிள்ளைக்குத்தான் எழுதுவார்கள். இரண்டும் பொருந்துவது, தன்னையே தலைவராகச் சொல்லும் விதவைகளுக்கு மட்டும். ஹாஜறாவின் படிவம் புள்ளிவரை வரவே இல்லை, பிறகு எப்படி நிற்கும்?

வரியைத் திருத்தி ஓட்டினேன். நின்றது. திரையில் தன் பெயரைப் பார்த்து அல்ஹம்துலில்லாஹ் சொன்ன ஹாஜறா, வாசல்வரை போய்த் திரும்பிக் கேட்டார்: "நீங்க இப்ப ஆர்ட ஊட்டுல இரிக்கீங்க தம்பி?"

மனைவியின் சீதன வீட்டில் காலைச் சாப்பாட்டை முடித்துவிட்டுப் போய் அந்த வரியை எழுதியவன் நான் என்பதால், இப்போதெல்லாம் சிவப்புப் புள்ளியில் புரோகிராம் நிற்காவிட்டால் கணினியைத் திட்டுவதில்லை.