அவர் எடைக்கு ஒரு ஸ்பிரிங்

என் வீட்டுக்காரர் கனத்த ஆள். கல்யாணத்தன்று அவர் கழுத்தில் மாலை போட நான் திணறியதைச் சொல்லி உறவுக்காரர்கள் ரொம்ப நாள் சிரித்தார்கள். எஹலியகொடைக்கு மேலே ஒரு தோட்டத்தில், தேயிலை பெக்டரியில் மெஷின்களைப் பழுதுபார்க்கும் பிட்டராக இருந்தார். நான் அதே தோட்டத்தில் சில வருடம் கொழுந்து பறித்துவிட்டு, பிறகு பிள்ளைக் காம்பராவில் சின்னப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குப் போனேன். எங்களுக்குப் பிள்ளை இல்லை. ஒரு மோட்டார் சைக்கிள் இருந்தது.

அது கை மாறி வந்த ஜப்பான் வண்டி. வாங்கிய புதிதில் நாங்கள் இருவரும் ஏறினால் பின்பக்கம் அப்படியே அமுங்கிவிடும். பள்ளத்தில் விழும்போதெல்லாம் அடியில் டங்கென்று இடிக்கும். எஹலியகொட பஜாரில் கராஜ் வைத்திருந்த முஸ்லிம் மெக்கானிக்கிடம் கொண்டுபோனோம். எல்லோரும் அவரை, அண்ணன் என்கிற மாதிரி, நானா என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் வண்டியைப் பார்க்கவில்லை, என் வீட்டுக்காரரைத்தான் மேலும் கீழும் பார்த்தார்.

“இந்த ஸ்பிரிங் ஒல்லியான ஆளுக்கு செஞ்சது. ஒங்களுக்கு இது காணாது தம்பி.”

பின்சக்கரத்தின் இரண்டு பக்கமும் இருந்த ஸ்பிரிங்குகளைக் கழற்றிவிட்டு, கம்பி தடித்த வேறு இரண்டை மாட்டினார். அதற்குப் பிறகு ஆள் இல்லாத நேரத்தில் வண்டி பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு நிற்கும். இவர் ஏறினால் பதமாக இறங்கிக்கொடுக்கும். தோட்டத்துக் கல் ரோட்டிலும் அலுங்காமல் போகும். “வேற ஒருத்தன் இந்த வண்டிய ஓட்டட்டும் பாப்போம், தூக்கிப் போட்டுரும்” என்று இவருக்கு ஒரே பெருமை. ஞாயிற்றுக்கிழமைகளில் குருவிட்டவில் இருந்த என் தம்பி வீட்டுக்கு அதில்தான் போவோம். அவனும் இவரைப் போல கனத்த ஆள்தான்.

தொண்ணூறுகளின் கடைசியில் இவருக்கு வயிற்றுவலி வந்தது. தோட்டத்து டிஸ்பென்சரி மருந்துக்கு அது கேட்கவில்லை. இரத்தினபுரி ஆஸ்பத்திரியில் வயிற்றைத் திறந்து பார்த்துவிட்டு அப்படியே தைத்து மூடினார்கள். டாக்டர் என்னையும் தம்பியையும் தனியாகக் கூப்பிட்டு, கட்டி பரவிவிட்டது, இனி வீட்டில் வைத்து நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். இவரிடம் நாங்கள் வயிற்றில் புண் என்று சொன்னோம்.

“புண்ணுன்னா ஆறிரும்தானே” என்றார்.

கிளினிக்கில் ஒவ்வொரு தடவையும் தராசில் ஏற்றுவார்கள். ஒருநாள் நர்ஸ் சிங்களத்தில், “பர அடு வெலா நே” என்றார். எடை குறைந்துவிட்டதே என்று அர்த்தம். இவர் சிங்களத்தில் சண்டையே போடக்கூடியவர். அன்று காதில் விழாத மாதிரி சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தார்.

வேலைக்குப் போவதை மட்டும் விடவில்லை. பெக்டரியில் பாரம் தூக்காத வேலையாகப் பார்த்துக் கொடுத்தார்கள். ஆனால் வண்டி இவரை ஏற்றுக்கொள்ளவில்லை. ஏறி உட்கார்ந்தாலும் அது இறங்கவில்லை. நுனிக்காலில் நின்றுதான் சமாளித்தார். கல்லில் ஏறும் ஒவ்வொரு முறையும் ஆளைத் தூக்கித் தூக்கிப் போட்டது. தையல் போட்ட இடத்தைக் கையால் அமுக்கிக்கொண்டு வீட்டுக்கு வருவார்.

“ரோட்ட நாசமாக்கி வச்சிருக்கானுங்க. தோட்டத்துத் தொரை ஒரு லோட் கல்லாவது கொட்டக் கூடாதா?”

ரோடு எப்போதும் இருந்த ரோடுதான். “ஆமாங்க, மழை அரிச்சிருச்சு” என்றேன். ஒரு மழைநாளில் மதகுக்குப் பக்கத்தில் வண்டியை நிறுத்தப் போய், கால் எட்டாமல் சாய்ந்து விழுந்துவிட்டார். இனி பஸ்ஸில் போங்கள் என்று கெஞ்சினேன். “வண்டிய நிப்பாட்டுனா ஆளு படுத்துட்டான்னு பேசுவாங்க, புள்ள” என்றார்.

அந்த மாதம் காய்ச்சல் வந்து மறுபடியும் இவரை வார்டில் சேர்த்தார்கள். நான் தம்பியை வரச்சொல்லி, வண்டியை எடுத்துக்கொண்டு நானாவிடம் போனேன்.

“இவருக்கு ஸ்பிரிங் கட்டியா இருக்குங்க நானா. மெல்லிசா வேற போடணும்.”

“ஏன், அதான் அவருக்கு சரியான ஸ்பிரிங். நான்தானே போட்டேன்?”

தம்பிதான் விஷயத்தைச் சொன்னான். நானா கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தார்.

“இப்ப எத்தின கிலோ ஈப்பாரு?”

குளிக்கப் போன இடத்தில் தலை சுற்றி உட்கார்ந்தவரை, முந்தின வாரம் நான் ஒருத்தியாகவே தூக்கி நிறுத்தியிருந்தேன். கொழுந்து மூட்டை சுமந்த முதுகு எனக்கு.

“என்னய விடக் கூட இருக்கமாட்டாருங்க” என்றேன்.

நானா தட்டிலிருந்து ஒரு ஜோடி ஸ்பிரிங்கை எடுத்து, தூசி தட்டி, கையால் அமுக்கிப் பார்த்து மாட்டினார். “அப்ப நீங்களே ஏறி ஒக்காருங்க தங்கச்சி. பார்த்துட்டு எது சரின்னு செல்றேன்” என்றார்.

சேலையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, இவர் உட்காரும் இடத்தில் முதன்முதலாக உட்கார்ந்தேன். நானா குனிந்து பின்பக்கம் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று விரலால் அளந்தார். காணாது என்று கழற்றி வேறு ஜோடி போட்டார். மறுபடியும் ஏறச் சொன்னார்.

“பின்னால நீங்களும் போவீங்களா?”

“போவேன்.”

“அப்ப அதையும் சேத்துப் பாக்கோணும்.” ஒரு சுற்று இறுக்கினார். பஜாரில் போகிற சனம் என்னைப் பார்த்துக்கொண்டு போனது. ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டே அழுதேன். தம்பி முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

இவர் வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் வண்டியை எடுத்தார். நான் எங்கள் லயத்து வீட்டு வாசலில் நின்றேன். ஏறினார், வண்டி பதமாக இறங்கியது, இரண்டு பாதமும் தரையில் பதிந்தன. பெக்டரி வரை போய்விட்டுத் திரும்பி வந்தார். முகம் தெளிவாக இருந்தது.

“ரோட்ட செஞ்சிட்டானுங்க போல இருக்கே?”

“ஆமாங்க. நீங்க ஆஸ்பத்திரியில இருந்தப்ப கல்லு கொட்டுனாங்க.”

“நல்லாச் செஞ்சிருக்கானுங்க” என்றார்.

சுமார் இரண்டு மாதம் ஓட்டினார். என்னையும் ஏற்றிக்கொண்டு ஒருநாள் தம்பி வீட்டுக்குக்கூடப் போய்வந்தார். போகிற வழியெல்லாம் ரோடு எங்கே நல்லது, எங்கே மோசம் என்று பேசிக்கொண்டே வந்தார். அதற்குப் பிறகு எழும்ப முடியாமல் படுத்தார். ஒரு காலை நேரம், நான் தேத்தண்ணீர் ஊற்றிக்கொண்டு வருவதற்குள் போய்விட்டார்.

காரியம் முடிந்து சனமெல்லாம் போன பிறகு தம்பி பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

“அக்கா, மச்சான் ஒண்ணு சொல்லிட்டுப் போனாரு. வண்டிய என்னய எடுத்துக்கச் சொன்னாரு.”

“எடுத்துக்க.”

“அது இல்லக்கா. ‘இப்ப இருக்கிற ஸ்பிரிங் ஒன் ஒடம்பத் தாங்காது, அடியில இடிக்கும். என்னோட பழைய ஜோடி நானாகிட்ட இருக்கு, எடுத்துவைக்கச் சொல்லியிருக்கேன், அதைப் போட்டுக்க’ன்னாரு.”

“அவருக்கு யார் சொன்னது?” என்றேன்.

“யாரும் சொல்லலக்கா. ஏறி ஒக்காந்தப்பவே தெரிஞ்சிருச்சாம். ‘ஒங்க அக்கா மூஞ்சியப் பாத்தேன், அதான் ரோட்டச் சொன்னேன்’னாரு.”

காலமெல்லாம் மெஷினுக்குள் கையை விட்டுக்கொண்டிருந்த மனுஷன். அவருக்கா தெரியாமல் போகும்? வயிற்றில் இருந்தது புண் இல்லை என்பதும் அப்படித்தான் தெரிந்திருக்கும். நான் அழவில்லை. கோபம்தான் வந்தது, அவர் மேலா என் மேலா என்று சொல்லத் தெரியாத கோபம். தெரியும் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், அந்த இரண்டு மாதத்தில் எத்தனையோ பேசியிருக்கலாம். பயமாக இருக்கிறதா என்று கேட்டிருப்பேன். நான் எங்கே போய் இருக்கட்டும் என்று கேட்டிருப்பேன். எந்த இடத்தில் அடக்கம் பண்ணட்டும் என்றுகூடக் கேட்டிருக்கலாம். இதற்கெல்லாம் அவர் பதில் சொல்லியிருப்பார், எதற்கும் ஒரு யோசனை வைத்திருக்கிற ஆள்.

அடக்கத்துக்கு நாங்களாகத்தான் ஒரு இடம் பார்த்திருந்தோம். ரப்பர் மலைக்குப் போகிற பாதையில், ஆற்றுச் சத்தம் கேட்கிற பக்கமாகக் குழி வெட்டினார்கள். அந்த இடம் அவருக்குப் பிடித்திருக்குமா என்று எனக்குத் தெரியாது.