கறுப்பு டை இரவில் கிளெண்டா

கிளெண்டா பார்ஃபிட்டுக்கு வாழ்க்கையில் பெரிய ஆசைகள் கிடையாது. கப்பலில் போக வேண்டும். எல்லோரும் கோட்டும் டையும் கவுனுமாக அலங்கரித்துக்கொண்டு சாப்பிட வரும் கறுப்பு டை இரவில் பச்சைக் கவுன் உடுத்திக்கொண்டு பெரிய சாப்பாட்டுக் கூடத்தில் உட்கார வேண்டும். வேறு யாராவது பரிமாற வேண்டும். அவ்வளவுதான். இதைச் சொல்லும்போதெல்லாம் முகம் சிவந்து, ஏதோ கொள்ளையடிக்கத் திட்டம் போடுகிறவள் மாதிரி குரலைத் தாழ்த்திக்கொள்வாள்.

சவுத்ஹாம்ப்டனில் ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் நாங்கள் இருவரும் சேர்ந்துதான் மாரடித்தோம். நான் உருளைக்கிழங்கு மசிப்பவள், அவள் கரண்டி பிடிப்பவள். ஆறடி உயரம், அதற்கேற்ற தோள். தலையில் வலை, இடுப்பில் ஏப்ரன். வரிசையில் தட்டோடு வரும் ஒவ்வொரு பிள்ளையிடமும் குனிந்து, "உனக்கு என்ன வேணும் கண்ணு?" என்று கேட்பாள். பாதிப் பிள்ளைகள் "எல்லாம்" என்று சொல்லும். இவளும் தட்டு வழிய வழிய எல்லாவற்றையும் வைத்து அனுப்புவாள். அளவு மீறுகிறது என்று தலைமையாசிரியை கத்தினால், "வயித்துக்கு அளவு தெரியும், விடுங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த தட்டைப் பார்ப்பாள்.

வீட்டிலும் அதே கதைதான். அவள் கணவன் லென், டிவிக்கு முன்னால் மடியில் தட்டை வைத்துக்கொண்டு சாப்பிடும் ரகம். அவனுக்குக் கொடுத்துவிட்டு, இவள் பாத்திரம் கழுவும் தொட்டியோரம் நின்றபடியே இரண்டு வாய் போட்டுக்கொள்வாள். இறந்தவனைப் பற்றிக் குறை சொல்லக் கூடாது, நல்ல மனுஷன்தான். ஆனாலும் ஒரு நாள்கூட "நீ உட்காரு, நான் எடுத்து வைக்கிறேன்" என்று அவன் சொன்னதில்லை. அதை நான் மன்னிக்கவில்லை. கிளெண்டா எப்போதோ மன்னித்துவிட்டாள்.

சமையலறையில் நாங்கள் தட்டுகளைத் துடைக்கும் நேரத்தில் துறைமுகத்தில் கப்பல் சங்கு ஊதும். உடனே ஈரக் கையோடு பின்வாசலுக்கு ஓடுவாள்.

"கெளம்பிட்டாங்கடீ மேவிஸ்! இந்நேரம் கவுன எடுத்து மாட்டிட்டு, எந்தக் கம்மல் போடலாம்னு யோசிச்சிட்டு இருப்பாங்க!"

"நீ மொதல்ல அந்தத் தட்டத் தொடை" என்பேன் நான்.

இருவரும் வேலையை விட்டபிறகு, இனியும் இவளைச் சும்மா விட்டால் சங்குச் சத்தம் கேட்டே காலம் தள்ளிவிடுவாள் என்று நானே டிக்கெட் போட்டேன். ஹாலந்து வரை போய்த் திரும்பும் குட்டிப் பயணம். அதில் கறுப்பு டை இரவு ஒன்றே ஒன்றுதான். கழுத்தோரம் மணி கோத்த கரும்பச்சைக் கவுன் அதற்கும் முன்பே வாங்கியாகிவிட்டது. ஞாயிறு தவறாமல் அதைப் போட்டுப் பார்த்துவிட்டு எனக்குப் போன் செய்வாள்.

"இன்னும் பத்துதுடீ!"

"பத்தாம எங்க போகும்? கேக்கு மட்டும் தின்னாத."

கப்பலேறும் நாளன்று துறைமுகத்திலேயே பெட்டிகளை வாங்கிக்கொள்வார்கள். சாயங்காலத்துக்குள் அவரவர் அறை வாசலுக்கு வந்துவிடும். என் பெட்டி வந்தது. கிளெண்டாவின் பெட்டி வரவில்லை. முதல் ராத்திரி எல்லோரும் வந்த துணியோடு சாப்பிடுவதுதான் வழக்கம் என்பதால் அவளும் ஜீன்ஸிலேயே சமாளித்தாள். மறுநாள் மதியம் ஆனபோது அவளுக்கு உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. எங்கள் அறைகளைப் பார்த்துக்கொண்ட ரோமெல் என்ற பிலிப்பைன்ஸ் பையனைப் பார்க்கும்போதெல்லாம் பிடித்துக்கொண்டாள்.

"கறுப்புப் பெட்டிப்பா. கைப்பிடில செவப்பு ரிப்பன் கட்டியிருக்கேன். பாத்தாலே தெரியும்!"

சாப்பாட்டுக்குச் சற்று முன்னால் ரோமெல் வியர்க்க விறுவிறுக்க ஒரு பெட்டியை உருட்டிக்கொண்டு வந்தான். "பேர் எழுதின சீட்டு பிஞ்சு போச்சு மேடம். ஆனா செவப்பு ரிப்பன் இருக்கு, பாருங்க!"

கிளெண்டா அவனைக் கட்டிப்பிடித்தே விட்டாள். பையன் பாதி நசுங்கிப் போனான். கதவைச் சாத்திவிட்டு ஆசை ஆசையாகப் பெட்டியைத் திறந்தாள். உள்ளே கறுப்புக் கோட்டு, கறுப்புப் பேன்ட், பட்டாம்பூச்சி மாதிரி ஒரு போ டை, பளபளக்கும் ஆண்கள் ஷூ, மடித்து வைத்த ஆறு ஜோடி காலுறை.

"மேவிஸ்," என்றாள், "இது என் பெட்டி இல்ல."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. எங்கள் ஊர்க்காரர்கள் எல்லோரும் கறுப்புப் பெட்டிதான் வாங்குகிறார்கள். கூட்டத்தில் அடையாளம் தெரியட்டும் என்று எல்லோருமே சிவப்பு ரிப்பன் கட்டுகிறார்கள். துறைமுகத்தில் மலையாகக் குவிந்து கிடந்த பெட்டிகளில் பாதி ரிப்பனோடு இருந்ததை என் கண்ணாலேயே பார்த்தேன். பார்த்தும் என் மண்டையில் ஏறவில்லை.

கீழே தகவல் மேசைக்கு ஓடினோம். பெட்டிக்குள் பேரில்லை, விலாசமில்லை. "தேடுகிறோம்" என்றார்கள். என் கவுன் அவளுடைய ஒரு கைக்குத்தான் காணும். உடுப்பு சரியில்லாதவர்கள் அன்று பெரிய கூடத்துக்குள் போக முடியாது. மாடியில் அவர்களுக்கென்று வேறு சாப்பாடு உண்டு. அங்கே தட்டை எடுத்துக்கொண்டு வரிசையில் நிற்க வேண்டும்.

"வரிசையா?" என்று கேட்டாள் கிளெண்டா. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து தன் பெரிய கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். "போகட்டும் விடு. நீ போய்ச் சாப்பிட்டு வந்து சொல்லு."

அந்த "போகட்டும் விடு" என்னை என்னவோ செய்துவிட்டது. அந்த வார்த்தையைச் சொல்லிச் சொல்லியே அவள் காலம் போயிருந்தது. எனக்கு வந்த கோபத்தில் அந்தப் பெட்டியிலிருந்த கோட்டை எடுத்து அவள் மேல் வீசினேன்.

"போடு அத."

"அடிப்பாவி! அடுத்தவன் துணிடீ!"

"அடுத்தவன் துணிதான், திருடவா போற? சாப்பிட்டுட்டு மடிச்சு வெச்சுக் குடுத்துடுவோம். கோட்டும் டையும் இருக்கணும்னுதான் சட்டம். ஆம்பள போடணுமா பொம்பள போடணுமான்னு ஒருத்தனும் எழுதி வைக்கல."

தன் சட்டைமேல் போட்டாள். சத்தியமாகச் சொல்கிறேன், அளவெடுத்துத் தைத்த மாதிரி இருந்தது! தோள் பொருந்தியது, பேன்ட் பொருந்தியது, ஷூகூடப் பொருந்தியது. கண்ணாடி முன் நின்றவள் முதலில் முழித்தாள், பிறகு இளித்தாள், பிறகு ஒரு கையைப் பையில் விட்டுக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றினாள். இருவரும் சிரித்த சிரிப்பில் பக்கத்து அறைக்காரர்கள் சுவரைத் தட்டினார்கள்.

கூடத்து வாசலுக்குப் போனபோது கதவு சாத்தும் நேரம் நெருங்கிவிட்டது. அங்கே ஒரு தகராறு. ஸ்வெட்டர் போட்ட நெட்டை மனிதர் ஒருவர் வாசல் காரியஸ்தரிடம் மன்றாடிக்கொண்டிருந்தார். அவர் கையில், ஹேங்கரோடு, கரும்பச்சைக் கவுன்.

"நான் சாப்பிட வரலைங்க. என் பெட்டி மாறிப்போச்சு, இப்பத்தான் தெறந்து பாத்தேன். இந்தக் கவுனுக்குச் சொந்தக்காரம்மா இன்னைக்கு இது இல்லாம எங்கயோ அழுதுட்டு இருப்பாங்க. உள்ள ஒரு வார்த்த கேட்டுச் சொல்லுங்க."

கிளெண்டா அப்படியே நின்றுவிட்டாள். அவர் திரும்பினார். கவுனைப் பார்க்கும் இவளைப் பார்த்தார். பிறகு அவள் மேலிருந்த தன் கோட்டைப் பார்த்தார்.

"அது என்னோட கோட்டு" என்றார் மெதுவாக.

"அது என்னோட கவுன்" என்றாள் இவள். உடனே முகமெல்லாம் சிவந்து, "மன்னிச்சிருங்க, கேக்காம போட்டுட்டேன். இப்பவே கழட்டிடறேன்..."

"இங்கயா?" என்றார் அவர் பதறிப்போய்.

அவர் பெயர் ரோலண்ட் பைக். கோபித்துக்கொள்வார் என்று சண்டைக்குத் தயாராக இருந்தேன். மனிதர் வாய்விட்டுச் சிரித்தார். "எனக்கே அது இவ்வளவு நல்லா இருந்ததில்லைங்க. நீங்க போட்டுட்டுப் போங்க, நான் மாடில சாப்பிட்டுக்கறேன்."

"மாடில வரிசைல நிக்கணும்!" என்றாள் கிளெண்டா. "அதெல்லாம் வேணாம்."

"இன்னும் ரெண்டு நிமிஷந்தான்" என்று காரியஸ்தர் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். அறைக்கு ஓடித் திரும்பினால் இருவருக்குமே கதவு சாத்தியிருக்கும். கிளெண்டாவை அங்கே பெரிய தொட்டியில் நின்ற பனைச் செடிக்குப் பின்னால் தள்ளினேன். என் சால்வையை விரித்துத் திரை பிடித்தேன். கோட்டு வெளியே பறந்தது. பின்னாலேயே டை பறந்தது, அவள் சட்டை என் தோளில் விழுந்தது. பைக் கோட்டையும் டையையும் பிடித்து, ஸ்வெட்டரைக் கழற்றி எறிந்துவிட்டுச் சட்டைமேல் மாட்டிக்கொண்டார்.

"பேன்ட்ட எப்படிடீ கழட்டுறது? ஷூ தடுக்குது!"

"கழட்டாத! மடிச்சு விட்டுக்கிட்டு மேலயே போடு!"

பச்சைக் கவுன் சரசரவென்று இறங்கியது. மணிகள் கழுத்தில் மின்னின. அடியில் இரண்டு கறுப்பு ஆண்கள் ஷூ எட்டிப் பார்த்தன. கிளெண்டா தலைமுடியை ஒதுக்கிக்கொண்டு வெளியே வந்தபோது காரியஸ்தர் கீழே பார்க்கவே இல்லை. நல்ல வளர்ப்பு.

"வாங்க" என்று கதவை அகலமாகத் திறந்தார்.

மூன்று பேரும் ஒரே மேசையில் உட்கார்ந்தோம். வெள்ளை விரிப்பு, ஆளுக்கு அரை டஜன் கரண்டி, மேலே கண்ணாடி விளக்கு. உட்கார்ந்ததும் கிளெண்டாவின் கை தானாகப் பக்கத்துத் தட்டுகளை அடுக்கப் போனது. மேசைக்கடியில் ஒரு உதை விட்டேன். கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

பரிமாறுகிறவர் அவள் பக்கத்தில் வந்து குனிந்தார்.

"உங்களுக்கு என்ன வேணும் மேடம்?"

அவள் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். கண்ணீர் கன்னத்தில் இறங்கியது. பைக் தன் டையைச் சரிசெய்வது போல வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். ஆயிரம் பிள்ளைகளிடம் அவள் கேட்ட கேள்வி. அவளிடம் அன்றுவரை ஒருவரும் கேட்டதில்லை.

"எல்லாம்" என்றாள் கிளெண்டா.

அவர் சிரிக்காமல் எழுதிக்கொண்டு போனார். ஒன்று விடாமல் எல்லாம் வந்தது.