குளியலறை நிலைக்கு மஞ்சள்

எங்கள் தெருவில் பெயிண்டரைப் பெயர் சொல்லித் தேடினால் கிடைக்க மாட்டார். 'பாதி ஷேடு' வீடு எது என்று கேட்டால் சின்னக் குழந்தையும் கை காட்டும். கலர் அட்டையில் வீட்டுக்காரர் எந்தக் கட்டத்தைத் தொட்டாலும், "அதுலயே பாதி போட்டுக்கலாம்" என்பது அவர் வழக்கம். கூடம் முழுக்க ஊதா வேண்டும் என்று ஒருவர் அடம் பிடித்தபோது, அலமாரியின் உட்பக்கம் அடித்துத் தருகிறேன், ஆசை வரும்போது திறந்து பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி அப்படியே அடித்தும் கொடுத்தார். அந்த வீட்டுக்கு வருகிற விருந்தாளிக்கு இன்றைக்கும் முதலில் காட்டுவது அலமாரியைத்தான்.

வழக்கமில்லாத நிறம் எதுவுமே ஆகாது என்கிறவர் அல்ல. கண் வந்துவிட்டுப் போகிற இடத்தில் எதை வேண்டுமானாலும் அடிக்கலாம், கண் தங்குகிற இடத்தில் அடிக்கக் கூடாது என்பது அவர் கணக்கு. துணிக்கடையில் உடை மாற்றிப் பார்க்கும் அறைக்குக் கிளிப்பச்சை கேட்டார்கள். சுவரின் பச்சை முகத்தில் விழுந்தால் புதுச் சட்டை போட்டவன் நோயாளி மாதிரி தெரிவான் என்று சொல்லி, பச்சையைக் கதவின் வெளிப்பக்கத்தோடு நிறுத்தினார்.

அவர் மனைவிக்கு இது தீராத கேலி. "எனக்கு எடுக்குற துணியும் பாதி ஷேடுதான். கடையிலிருந்து வரும்போதே நாலு தடவை துவைச்ச மாதிரி இருக்கும். புதுசுன்னு நான்தான் ஊருக்குச் சொல்லிட்டுத் திரியணும்" என்பார். வீடும் அதற்கேற்றாற்போல்தான் இருந்தது. சுவர், கதவு, நிலை, தரை எல்லாமே பாலில் ஒரு சொட்டு டீ விட்ட நிறம்.

அந்த அம்மாவுக்குப் பார்வை மங்கத் தொடங்கியதும் அந்த நிறமே வினையாயிற்று. கண்ணாடி மாற்றி, சொட்டு மருந்து மாற்றி, கடைசியில் மருத்துவர் இருக்கிற பார்வையை வைத்துத்தான் ஓட்ட வேண்டும் என்று சொல்லிவிட்டார். ஒரு காலை, குளியலறை வாசல் என்று நினைத்துச் சுவரில் மோதி விழுந்து முழங்கை முறிந்தது.

வெளியூரிலிருந்து மகள் ஓடி வந்தாள். அவளுக்கும் கணவனுக்கும் பகல் முழுக்க வேலை. மூன்றாவது மாடி வீடு. ஆனாலும் அம்மாவைத் தன்னோடு வைத்துக்கொள்வதென்று முடிவு செய்தாள். அப்பாவுக்கோ தொழில் இங்கே. அம்மா அழவில்லை. "அங்க வந்தா என்னை ஒரு நாற்காலியில உட்கார வச்சுக் கதவைப் பூட்டிட்டுப் போவே. இங்க தடவித் தடவியாவது என் வீட்டுல நடப்பேன்" என்றார். பேச்சு வளர்ந்து, கோடை விடுமுறைக்கு மகள் மறுபடி வரும்போது அம்மா தன்னந்தனியாக நடமாடினால் விட்டுவிடுவது, இல்லையென்றால் கையோடு அழைத்துப் போவது என்று முடிந்தது.

பாதி ஷேடு அன்றைக்கே பெட்டியைத் திறந்தார். சுவருக்குப் பச்சை, நிலைகளுக்குச் சிவப்பு. இந்த இரண்டையும் அருகருகே வைத்தால் குருடனுக்கும் தெரியும் என்று கடைக்காரரிடம் சொல்லிவிட்டு வந்து அடித்தவர், மனைவி பழையபடி சுவரில் இடித்துக்கொண்டபோது தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். நிறம் வேறு, வெளிச்சம் வேறு என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. அந்த அம்மாவின் கண்ணுக்குப் பச்சையும் சிவப்பும் ஒரே அளவு இருட்டு.

அடுத்து எல்லாவற்றையும் வெளிச்சமாக்கினார். சுவிட்சுப் பெட்டி ஆரஞ்சு, அடுக்களை அலமாரி எலுமிச்சை, முக்காலி இளஞ்சிவப்பு. போகிற வருகிறவர்கள் டிக்கெட் எங்கே வாங்க வேண்டும் என்று கேட்டார்கள். அதுவும் பயன்படவில்லை. "எல்லாரும் ஒரே நேரத்துல கூப்பிட்டா நான் யாருக்குன்னு திரும்புறது?" என்றார் மனைவி.

பிறகு நிதானமாக வேலை செய்தார். சின்னச் சின்னப் பலகைகளில் நிறம் அடித்து, மனைவியை நிற்க வைத்துத் தூரத்தில் பிடித்துக் காட்டி, எது எதன் பக்கத்தில் நின்றால் தெரிகிறது என்று பார்த்தார். பளபளப்பு எனாமல் கண்ணைக் கூசச் செய்ததால் மங்கலான பூச்சுக்கு மாறினார். கடைசியில் கூடத்தை அடுத்த நடையின் சுவர் முழுக்க அடர்நீலம், குளியலறையின் இரும்பு நிலைக்கு மட்டும் முழு மஞ்சள். மற்றதெல்லாம் பழைய டீ நிறத்துக்கே திரும்பியது. வாழ்நாளில் அவர் பாதியாக்காமல் அடித்த மஞ்சள் அது ஒன்றுதான். பார்க்க அவருக்கே சகிக்கவில்லை. நடையில் போகும்போது தலையைக் குனிந்துகொண்டு போவார். ஆனால் மனைவி கூடத்திலிருந்து எழுந்து நேராக அந்த மஞ்சளுக்குள் நடந்து போனதை நானே பார்த்திருக்கிறேன். அன்று பாதி ஷேடின் முகத்தையும் பார்த்தேன்.

குளிர் போய் வெயில் வந்தது. தண்ணீர் பட்டுப் பட்டு நிலையின் அடிப்பக்கம் துருவேறிப் பூச்சு உரிந்தது. மகள் வருவதற்கு முன்னால் புதுசாக்கிவிடலாம் என்று, மஞ்சளைப் புதுப்பிக்கப் போவதாக மனைவியிடம் சொல்லிவிட்டு, பழையதை மொத்தமாகச் சுரண்டி, இரும்புக்கு அடிக்கிற செங்காவிப் பிரைமரைப் பூசி வைத்தார். நீலச் சுவருக்கு நடுவில் அது இருட்டோடு இருட்டாக நின்றது. காய்ந்ததும் மறுநாள் மஞ்சள் அடிப்பதாக இருந்தார்.

மறுநாள் காலை அவர் டப்பாவைத் திறப்பதற்குள் மகள் வந்து இறங்கிவிட்டாள். செருப்பைக் கழற்றிக்கொண்டே, அம்மா எப்படி நடக்கிறாள் என்றாள். அம்மா எழுந்தார். கூடத்தைத் தாண்டி, நடையில் எங்கும் தடுக்காமல், கொஞ்சமும் தயங்காமல் போய்க் குளியலறை நிலையில் கை வைத்து நின்றார். அங்கிருந்து கூடத்துக்குக் கேட்கும்படி சொன்னார்:

"புது மஞ்சள் பளிச்சுன்னு தெரியுதுடி. உங்கப்பாவுக்கு இப்பத்தான் தொழில் வந்திருக்கு."

கூடத்தில் நின்ற மகளுக்கு நிலை தெரியாது. பக்கத்தில் நின்று அந்தச் செங்காவியைப் பார்த்தது கணவர் ஒருவர்தான்.

எத்தனை நாளாக மனைவி அந்த மஞ்சளைப் பார்க்காமலே நடந்துகொண்டிருக்கிறார் என்பது அவருக்குத் தெரியவில்லை. கேட்கவும் முடியவில்லை. கூடத்துக்கு வந்தார். மகள் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அப்பா, அம்மாவுக்கு நிஜமாவே தெரியுதா?" என்றாள்.

"தெரியுதும்மா" என்றார்.

மகள் இரண்டு நாள் இருந்தாள். முதல் நாளே, அவள் குளிக்கப் போகும் முன், அவர் நிலைக்கு மஞ்சள் அடித்துவிட்டார். இரண்டாம் நாள் மாலை அவளைப் பேருந்து ஏற்றிவிட்டுத் திரும்பியவர், தன் வீட்டுக்குப் போகாமல் என் வாசலில் வந்து உட்கார்ந்தார். நடந்ததைச் சொன்னார். மகளிடம் உண்மையைச் சொல்லியிருந்தால் இந்நேரம் மனைவியும் அந்தப் பேருந்தில் இருந்திருப்பாள், சொல்லாததால் நாளைக்கு மறுபடி விழுந்தால் அது தன் தலையில்தான் என்றார். இரண்டும் உண்மை.

"இனிமே எந்தக் கலர் அடிச்சா தெரியும், அண்ணே?"

அடுத்த வீட்டிலிருந்து அவர் மனைவி கூப்பிட்டார். அடுக்களை நிலைக்கும் மஞ்சள் அடிக்கப் போவதாகச் சொன்னீர்களே, அடித்துவிட்டீர்களா, ஈரத்தில் கையை வைத்துவிடப் போகிறேன் என்றார். இன்னும் அடிக்கவில்லை என்று இங்கிருந்தே சொன்னவர், டப்பாவில் மஞ்சள் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று பார்க்க எழுந்து போனார்.