மொட்டாக்கு ஊரும் மூன்று வெள்ளைக்காரரும்

வேன் ஓட்டுகிறவனுக்குக் கண் ரோட்டில், காது பின் சீட்டில். வாய்க்கு மட்டும்தான் வேலையில்லை. ஸ்டியரிங் பிடித்துப் பிழைக்கிற சகோதரர்களே, நான் பட்ட பாடு உங்களுக்கு விளங்கும்.

சுனாமி தேற்றாத்தீவில் என் வீட்டை எடுத்தது, வேனை விட்டது. அன்று காலை நானும் மனிசியும் வாவிக்கு அப்பால், பழுகாமத்தில் ஒரு செத்தவீட்டுக்குப் போயிருந்தோம். சரியாகப் பழக்கமில்லாத அந்தக் கிழவர் செத்தபடியால் நாங்கள் இருக்கிறோம். பிறகு வீடு கட்டிக் கொடுக்க வந்த மூன்று வெள்ளைக்காரர்கள் என் வேனை வாடகைக்குப் பிடித்தார்கள்: நோர்வே நேர்ஸ் அம்மா, சுவீடன்காரர், பின்லாந்து இஞ்சினியர். அவர்கள் பேசுவதை எனக்குத் தமிழில் சொல்ல பழுகாமத்துப் பிள்ளை மாலா.

புதுத் திட்டத்தில் எனக்கும் ஒரு வீடு. ஆனால் வீடு கிடைக்கிறவர்களின் சங்கத் தலைவர் என் மனிசியின் தமையன் தேவராசா. திட்டத்துக்குத் தன் தகப்பன் பெயரை வைக்க ஒற்றைக் காலில் நின்றார்: கந்தப்பர்புரம். அந்தக் கந்தப்பர்தான், வெயிலுக்குத் துண்டால் தலையை மூடிக்கொண்டு வயல் வரம்பில் நின்று, "வேன்காரனுக்கு என்ட புள்ளயக் குடுக்க மாட்டன்" என்று வயல்வட்டை முழுக்கக் கேட்கக் கத்தியவர். மகனும் இன்றுவரை என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அவருக்கும் நான் வேன்காரன்தான். சாகும்வரை அந்த மனிசனின் பெயருக்குள் நான் குடியிருப்பதா?

எல்லாரும் நோர்வே

சமாதானம் பேச வந்தவர்கள் நோர்வேக்காரர்கள் என்பதால், அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்தில் வெள்ளைத்தோல் எல்லாம் நோர்வேதான். சோதனைச் சாவடியில் ஆமிக்காரன் தலையை நீட்டினால், மூன்று பேரையும் காட்டி "நோர்வே, நோர்வே, நோர்வே" என்று முடித்துவிடுவேன். ஒரு நாள் இஞ்சினியருக்கு ரோசம் வந்துவிட்டது. பாஸ்போட்டை ஆட்டிக்கொண்டு இறங்கினார். தான் நோர்வே இல்லையாம். பின்லாந்து என்பதுகூட அயலவன் வைத்த பெயராம். தாங்கள் தங்கள் நாட்டைச் சொல்வது சுவோமி என்றுதானாம்.

பின்னால் வாகனங்கள் ஹோர்ன் அடித்தன. ஆமிக்காரன் தனக்குத் தெரிந்த தமிழில் பொறுமையாகச் சொன்னான், நோர்வே என்றால் உடனே போகலாம், வேறு நாடு என்றால் சாமான் முழுவதையும் இறக்கிக் காட்ட வேண்டும் என்று. கூரைமேல் கட்டியிருந்த மூட்டைகளை இஞ்சினியர் அண்ணாந்து பார்த்தார். பிறகு ஏறி, கதவைச் சாத்திக்கொண்டு சொன்னார்: "நோர்வே."

வாகரை ரோட்டு

வடக்கே போகிற வாகரை ரோட்டால் மாங்கேணிக்கு வலை கொண்டுபோன அன்று நேர்ஸ் அம்மாவின் முறை. நோர்வே என்றால் வடக்கே போகிற வழி என்று அர்த்தமாம். கப்பலில் போனவர்கள் கரையோரமாக வடக்கே போகிற பாதைக்கு வைத்த பெயர். பாதையின் பெயர் பிறகு கரையில் ஏறி நாடாகிவிட்டதாம். எனக்குச் சந்தோசம் தாங்கவில்லை. ஊரில் இருப்பவன் பெயர் வைப்பதில்லை, போகிறவன் வருகிறவன் வைக்கிறான்! அப்படியென்றால் தேவராசா யார் பெயர் வைக்க?

மாங்கேணியில் வலையை வாங்கிய கிழவர் ஒருவருக்கும் மாலா அதைச் சொன்னாள். அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு நேர்ஸ் அம்மாவை மேலும் கீழும் பார்த்தார். "அப்ப இவகட நாட்டுப் பேரு வாகரை ரோட்டு எண்டுற மாதிரியா புள்ள? பாவம், நல்ல பேரு ஒண்டும் கிடைக்கல்லயா?"

துடுப்பு வலித்தவர்கள்

வாவியைத் தோணியில் கடக்கும்போது சுவீடன்காரரும் இஞ்சினியரும் வாய்ச்சண்டையில் கொழுவிக்கொண்டார்கள். பின்லாந்து என்பது முதலில் கடற்கரை மூலை ஒன்றின் பெயர் மட்டும்தானாம். அங்கே வந்திறங்கிய சுவீடன்காரர்கள் அதையே முழு நாட்டுக்கும் இழுத்துப் போர்த்திவிட்டார்களாம். பின்லாந்துக்காரர்களும் சும்மா இருக்கவில்லை. சுவீடனை இன்றைக்கும் ருவோத்சி என்றுதான் சொல்கிறார்கள். அது துடுப்பு வலிக்கிறவர்களைக் குறித்த பழைய சொல்லிலிருந்து வந்ததாம். அதே சொல் கிழக்கே போய் ரஷ்யா என்றும் ஆனது என்று படித்தவர்கள் சொல்கிறார்களாம்.

நான் சிரித்த சிரிப்பில் தோணி ஆடியது. இடுப்பளவு தண்ணீருக்குப் பயந்து இரண்டு வெள்ளைக்காரரும் ஒருவரை ஒருவர் கட்டிப்பிடித்தார்கள். தோணிக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. துடுப்பைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மாலாவிடம் கேட்டார்: "அப்ப என்ட தொழில்ட பேரில ரெண்டு நாடு இருக்கு. இவ்வளவு நாளும் ஒருத்தனும் வந்து சொல்லல்லயே!"

திறப்பு விழா

வீடுகள் எழும்பின. தன் ஊரில் பனி வழுக்கி விழப் போடுகிற கூரையை இஞ்சினியர் எங்களுக்கும் போட்டிருந்தார்: செங்குத்தாக ஏறி, முன்பக்கம் வாசல்வரை இறங்குகிற கூரை. பெயர் வைக்கிற கூட்டத்தில் நான் எழும்பி, வாகரை ரோட்டிலிருந்து ரஷ்யா வரை எல்லாவற்றையும் சொன்னேன். அயலவன் கூப்பிடுவதுதான் பெயர், நாம் எழுதி நட்டால் நிற்காது என்றேன். தேவராசா மைக்கை என் கையிலிருந்து பிடுங்கினார்: "வேன்காரன் வேன ஓட்டட்டும்." சனம் கைதட்டியது. கந்தப்பர்புரம் என்று பலகை நட்டார்கள்.

அடுத்த கிழமை நான் தோற்ற துக்கத்தில் சந்தியில் வேனோடு நிற்கிறேன். காத்தான்குடிப் புடைவை வியாபாரி ஒருவர், மோட்டார் சைக்கிளில் மூட்டையோடு வந்து நிறுத்தினார். தூரத்தில் வரிசையாகக் கூரையை முன்னால் இழுத்துக்கொண்டு நின்ற எங்கள் வீடுகளைக் காட்டினார். பிறகு, பெண்கள் சேலையால் தலையை மூடுவதுபோல் கையைத் தன் தலைக்கு மேலே இழுத்துக் காட்டிக் கேட்டார்: "அண்ணே, அந்த மொட்டாக்குப் போட்ட ஊருக்கு எதால போறது?"

இறக்கம்

எனக்கு வேறென்ன வேண்டும்? அன்றிலிருந்து ஆள் ஏற்றும்போதெல்லாம் "மொட்டாக்கு, மொட்டாக்கு!" என்றே கூவினேன். பஸ் கொண்டக்டர்கள் பிடித்துக்கொண்டார்கள். சண்டை திரும்பத் தொடங்கியது, வெள்ளைக்காரர்கள் போனார்கள், பலகையில் ஷெல் துண்டு பட்டுக் கந்தப்பர் பாதி போனார். சண்டையும் முடிந்தது. மொட்டாக்கு மட்டும் நிலைத்து நின்றது.

ஒரு நாள் மட்டக்களப்பு பஸ் நிலையத்தில் தேவராசா புதுக் கொண்டக்டர் ஒருவனிடம் "கந்தப்பர்புரம்" என்கிறார். "அப்பிடி ஒரு இடம் இல்ல ஐயா" என்கிறான் அவன். இவர் திரும்பச் சொல்கிறார். பஸ் உறுமுகிறது. பக்கத்து வேனில் நான் கண்ணாடியை இறக்கிக் காதைக் கொடுத்துக்கொண்டு இருக்கிறேன். கடைசியில் தேவராசா குனிந்து, மெல்லிய குரலில் "மொட்டாக்கு" என்றார். வீடுவரை நான் பாட்டுப் பாடிக்கொண்டு வேன் ஓட்டினேன்.

மனிசியிடம் ஒன்றுவிடாமல் சொன்னேன், நடித்தும் காட்டினேன். அவள் மீன் வெட்டிக்கொண்டே கேட்டாள். பெயர் விசயத்தில் அவள் இத்தனை காலமும் ஒரு வார்த்தை பேசியதில்லை. "நல்லதுதானே," என்றாள். "அப்பாவும் வெயிலுக்கு எந்த நேரமும் தலையில மொட்டாக்குப் போட்டுக்கொண்டுதானே திரிஞ்சவர். நீங்க ரோட்டு ரோட்டாக் கூவக்குள்ள எல்லாம் எனக்கு அவர்ட ஞாபகம்தான்."

அயலவன் வைக்கிற பெயர்தான் நிற்கும் என்று அந்த மூன்று பேரும் சொல்லித் தந்தார்கள்; அதைக் கூவித் திரிகிறவன் வீட்டிலும் ஒரு மனிசி இருப்பாள் என்பதைத்தான் சொல்லாமல் போய்விட்டார்கள்.