சரசக்கா கிணற்றின் நிறம்

1. ஓட்டை

கண்காட்சி திறந்த மறுநாள் காலை போய்ப் பார்க்கிறேன், என் படைப்பின் நட்டநடுவில் இட்லி அளவுக்கு வட்டமாக ஓர் ஓட்டை. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

படைப்பு என்றால் பிரமாதமாக ஒன்றுமில்லை. ஊத்துக்குளிப் பக்கம் சரசக்காவின் தோட்டத்துக் கிணற்றில் வெள்ளைப் பனியன் துணியை ஊறப்போட்டு எடுத்துத் தொங்கவிட்டிருந்தேன். ஆற்றோரச் சாயப்பட்டறைகளின் கழிவு இறங்கிய கிணறு அது; துணி மங்கலான ரோஸ் நிறத்தில் வெளியே வந்தது. மாடுகூட வாய் வைக்காத தண்ணீர். குடிநீருக்கு அக்கா பக்கத்து ஊருக்குச் சைக்கிளில் குடம் கட்டிக்கொண்டு போவார்.

"இதெப் பாத்தாச்சும் எவனாவது ஒரு லாரித் தண்ணி உடுவானா அம்மிணி?" என்று கேட்டுத்தான் துணியை நனைக்க விட்டார். கட்டாயம் விடுவார்கள் என்றேன். பனியன் ஏற்றுமதி கொடிகட்டிப் பறந்த காலம் அது. எனக்கும் கலைமேல் அநியாயத்துக்கு நம்பிக்கை இருந்தது.

வெட்டியது யார் என்று ஒரு வாரம் அலைந்து விசாரித்தால், குத்துவிளக்கு ஏற்ற வந்த முதலாளியேதான். ஏற்றுமதி கம்பெனியும் சாயப்பட்டறையும் வைத்திருப்பவர். மனசாட்சி உறுத்தட்டும் என்று நானே போய் அழைத்த ஆள்.

"தொடாதீர்கள்னு போர்டு வெச்சிருந்தேனே சார்?"

"தொடலீங்க மேடம். ஜி.எஸ்.எம். கட்டர் வெச்சுத்தான் எடுத்தோம்."

துணியின் எடை பார்க்க வட்டமாக வெட்டும் கருவி அது. புதுத் துணியைக் கண்டால் இந்த ஊரில் கை தானாக அதற்குப் போகும்.

"சூப்பர் ஷேடுங்க. ஃபாரின் பையருக்கு அனுப்பி, அப்ரூவலும் வந்தாச்சுங்க."

2. லேப் டிப்

சின்னத் துண்டில் சாயம் போட்டு நிறம் பார்ப்பதற்கு லேப் டிப் என்று பெயர். பட்டறையில் போட்ட லேப் டிப் ஒவ்வொன்றும் ரிஜெக்ட் ஆனது. ஆற்றோரப் பட்டறைகள் எல்லாம் கூடி உண்டாக்கிய நிறம் ஒரே பட்டறைக்கு எப்படி வரும்? முதலாளி என்னைத் தேடி வந்தார்.

"அந்தக் கெணத்துத் தண்ணியே வேணுங்க மேடம். டேக்ல கெணறு போட்டோ போட்டு, சுற்றுச்சூழல் கலெக்‌ஷன்னு விக்கலாங்கறாரு பையர்."

"உங்க பட்டறைத் தண்ணிதானே சார் அது!"

"அதானுங்க உரிமையாக் கேக்கறேன்."

கையில் பிரஷ் இருந்தது. எறியவில்லை.

3. லாரி

ஒத்துக்கொள்ள வேண்டாம் என்று சரசக்காவிடம் சொல்லத்தான் ஓடினேன். எனக்கு முன்பே தோட்டத்தில் காலி டேங்கர் லாரி நின்றது. அக்கா லாரியின் ஓஸ் குழாயை மிதித்துக்கொண்டு நின்றார்.

"காலி லாரி எதுக்கு சாமி வருது? வர்றப்ப நல்ல தண்ணி கொண்டாங்க, போறப்ப இதெ மோந்துட்டுப் போங்க. இல்லாட்டி ஓஸு கெணத்துல எறங்காது."

டிரைவர் முதலாளிக்கு போன் போட்டார். மறுநாள் காலை நல்ல தண்ணீரோடு லாரி வந்தது. தொட்டி நிரம்பியது, மாடுகள் தலை தூக்காமல் குடித்தன. நான் மனு எழுதி, ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கியும் வராத லாரி. எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, வெட்கமாகவும் இருந்தது.

4. சீசன்

சட்டைகள் கப்பல் ஏறின. அடுத்த சீசனுக்கு பையர் வேறு நிறம் கேட்டார், லாரி நின்றுவிட்டது. கலை உலகத்தை மாற்றுமா என்று இன்றைக்கு என் மாணவர்கள் கேட்டால், ஆர்டர் இருக்கும்வரை மாற்றும் என்கிறேன். சிரிக்கிறார்கள். அவர்களைச் சிரிக்க வைக்க நான் அதைச் சொல்லவில்லை.

லாரி நின்று கொஞ்ச நாள் கழித்து அக்காவிடமிருந்து போன் வந்தது.

"அம்மிணி, மறுக்காவும் சைக்கிள்லதான் கொடம் கட்டிட்டுப் போறேன். கெணறு இப்பப் பச்சையாயிருச்சு. பச்சைய ஆராச்சும் கேப்பாங்களா?"

போனை வைத்ததும் வெள்ளைத் துணி வாங்கப் போனேன். கண்காட்சிக்கு நாள் குறித்து, முதல் அழைப்பிதழை அந்த முதலாளிக்கே அனுப்பினேன். கீழே என் கையால் ஒரு வரி சேர்த்தேன்: வரும்போது கட்டரை மறக்காமல் எடுத்து வரவும்.