உப்பிட்ட முழங்கால்

செபஸ்தியானின் வலது முழங்கால் பொதுவாழ்வுக்கு வந்தது 1977-ஆம் ஆண்டுத் தவக்காலத்தில். அதற்கு முன் நாற்பத்திரண்டு ஆண்டுகள் அது யார் வம்புக்கும் போகாமல், வேம்பாற்றில் பிறந்து, போர்ட் பிளேரில் கரையேறி, அங்கே ஜங்லிகாட் குப்பத்தில் படகு தள்ளிப் பிழைத்த சாதாரண மீனவ முழங்காலாகவே இருந்தது. ஒரு வெள்ளிக்கிழமை கோயிலில் முழந்தாளிட்டவர், பூசை முடிந்த பிறகும் எழவில்லை. பார்த்தவர்கள் பக்தி என்றார்கள். மறுவாரம் மூட்டு இளநீர்க்காய் அளவுக்கு வீங்கியதும், பக்தி கொஞ்சம் மிஞ்சிப்போயிற்று என்றார்கள்.

அடிபடவில்லை, காய்ச்சலும் இல்லை. வீங்கும், வடியும், முன்னைவிடப் பெரிதாக வீங்கும். மனைவி ரோசலின் ஞாயிறுதோறும் வலை முடையும் நைலான் நூலால் முழங்காலைச் சுற்றி அளந்து, சுற்று முடிகிற இடத்தில் ஒரு முடிச்சுப் போடுவாள். பெரிய வீக்கம் ஒவ்வொன்றிலும் புது முடிச்சு முந்திய முடிச்சைத் தாண்டியே விழுந்தது.

எதிரே டீக்கடை வைத்திருந்த பழனிசாமி விசாரித்தான்: "அரே அண்ணே, முட்டிக்குள்ள ஆமை கீமை முட்டை வச்சிருச்சா? பொரிக்கிற அன்னிக்குச் சொல்லுங்க, கடையை அடைச்சுட்டு வர்றேன்."

ஆசுபத்திரியில் டாக்டர் திருநாவுக்கரசு வாய் ஓயாமல் பேசுகிறவர். பேசிக்கொண்டே மூட்டில் ஊசி போட்டு உறிஞ்சினார். வந்தது சீழல்ல. துருப்பிடித்த பீப்பாயின் அடியில் தேங்கும் தண்ணீரின் நிறம். அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கம்பவுண்டர் திடீரென்று ஏதோ வேலை நினைவுக்கு வந்தவர்போல் வெளியே போய்விட்டார்.

"மூட்டுக்குள்ள ஒரு சவ்வு இருக்கும்பா. அது கெட்டுப்போயிருக்கு. ரெண்டு வகை உண்டு. ரெண்டும் பாசி மாதிரிப் படரும். ஒண்ணைச் சுரண்டிடலாம். இன்னொண்ணு..."

மிச்சத்தை அவர் வாயால் சொல்லவில்லை. முழங்காலுக்கு ஒரு சாண் மேலே, தொடையின் குறுக்கே விரலால் ஒரு கோடு போட்டார். ஒற்றைக்காலில் நின்று படகு தள்ளுகிறவன் எந்தக் கடலிலும் இல்லை. செபஸ்தியானுக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை.

எந்த வகை என்பதை மெட்ராஸில்தான் சொல்ல முடியும். தடித்த ஊசியால் சவ்வில் ஒரு துணுக்கைக் கிள்ளி, மருந்துத் தண்ணீர்ப் புட்டியில் போட்டு, கப்பலில் சேர்க்கச் சொல்லி செபஸ்தியான் கையிலேயே கொடுத்தார் டாக்டர். தீவில் அரிசியோ, கடிதமோ, அதிகாரியோ, எது வரவும் போகவும் கப்பல் மனசு வைக்க வேண்டும். "கல் ஆயேகா," நாளைக்கு வரும் என்றார்கள் துறைமுகத்தில். அந்த நாளை பதினோரு நாள் நீண்டது. அதற்குள் புட்டி சாய்ந்து, மருந்துத் தண்ணீர் கசிந்து போயிற்று.

"இஞ்ச பாருங்க, கெட்டுருமே இது," என்றாள் ரோசலின்.

"உப்பப் போடுட்டி."

"மருந்துல கெடந்த சாமான்லா?"

"எம்புட்டுச் சீலா மீன உப்புல போட்டு ஊருக்கு அனுப்பியிருக்கோம், ஒண்ணாவது கெட்டுச்சா? இன்னொரு பிடி போடு. மெட்ராஸ் வரைக்கும் தாங்கணும்."

கழுவி, கல்லுப்பில் புரட்டி, நீர் வடித்து, முறை பிசகாமல் அடைத்தாள். மருத்துவ உலகில் எந்தத் துணுக்குக்கும் அவ்வளவு கரிசனம் கிடைத்திருக்காது.

ஏழு வாரம் கழித்துப் பதில் வந்தது: "துணுக்கு உப்பிடப்பட்டுள்ளது. பரிசோதிக்க இயலாது. உப்பிட்டதன் நோக்கத்தைத் தெரிவிக்கவும்."

டாக்டர் படித்துக் காட்டினார். சிரிக்கவில்லை. கடிதத்தை மடித்து மேஜை டிராயரில் போட்டார்.

"கெட்ட வகையா இருந்தா, போன நாளெல்லாம் அதுக்குத்தான் லாபம். துணுக்கு வேண்டாம், நீயே கப்பல் ஏறு."

மெட்ராஸ் மருத்துவரிடம் ஜப்பானிலிருந்து வந்த ஒரு குழாய் இருந்தது. பென்சில் பருமன், நுனியில் வெளிச்சம். மூட்டைப் பிளக்காமல், சாவித் துவாரம்போல ஒரு துளையில் குழாயும் இன்னொரு துளையில் இடுக்கியுமாக நுழைத்தார். இடுப்புக்குக் கீழே மரத்துப்போன செபஸ்தியான் விழித்தபடியே கிடந்தார். அவருக்குத் தெரிந்ததெல்லாம் குழாயில் ஒற்றைக் கண் வைத்த மருத்துவரின் பாதி முகம். திருவிழாவில் பயாஸ்கோப் பெட்டிக்குள் பார்க்கிற முகம். ஓடுகிற படம் மட்டும் அந்த முகத்துக்குப் பிடிக்கவில்லை. உதவியாளரை அழைத்தார். அவரும் பார்த்துவிட்டு, இன்னும் பெரிய கிண்ணம் ஒன்றை எடுத்து வைத்தார்.

"ஐயா, உள்ள என்ன தெரியுது?"

"பாசி. பழுப்புப் பாசி. மூட்டு நிறைய."

"நல்ல பாசியா, கெட்ட பாசியா?"

"அனுப்பிப் பார்த்தாத்தான் தெரியும். இந்தத் தடவை உப்பு வேண்டாம்."

இரண்டு மணி நேரம் கிள்ளிக் கிள்ளி எடுத்தார். பத்தாம் நாள் முடிவு வந்தது: கெட்ட வகை அல்ல. கால் செபஸ்தியானுக்கே சொந்தம். ஆனால் மருத்துவர் வாசல்வரை வந்து சொன்னார்: "எங்கேயாவது துளி ஒட்டியிருந்தா திரும்ப வளரும். வீங்கினா உடனே வந்துடணும். எலும்பைத் தின்ன ஆரம்பிச்சுட்டா இந்தக் குழாய் போதாது."

ஜங்லிகாட்டில் பழனிசாமி குனிந்து இரண்டு தழும்பையும் ஆராய்ந்தான். "இதுக்கா மெட்ராஸ் போனீங்க? இதை நம்மூர்க் கொசு ஓசியிலயே போட்டிருக்குமே!"

ரோசலின் பழைய நூலை அடுப்பில் போட்டாள். புதுநூலில் ஒரே முடிச்சு. எட்டு மாதம், ஞாயிறுதோறும், நுனியும் முடிச்சும் சரியாகச் சந்தித்தன. படகு கடலுக்குப் போயிற்று. செபஸ்தியான் கோயிலில் முழந்தாளிட்டு எல்லோருக்கும் முன்னால் எழுந்தார்.

ஒன்பதாம் மாதம் முதல் ஞாயிறு. நுனிக்கும் முடிச்சுக்கும் நடுவே ஒரு நெல் அகலம் இடைவெளி. ரோசலின் நூலை அவிழ்த்துத் திரும்பச் சுற்றினாள். அதே நெல்.

"நூலு நனைஞ்சு சுருங்கியிருக்கும்," என்றார் செபஸ்தியான்.

"ஆமா. நூலுதான்."

நைலான் நூல் சுருங்காது என்பது வலைக்கார வீட்டில் பிறந்த இருவருக்கும் தெரியும். ரோசலின் நூலைச் சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டு, மெட்ராஸ் கப்பல் எப்போது என்று கேட்கத் துறைமுகத்துக்கு நடந்தாள்.

"கல் ஆயேகா," என்றார்கள்.